வலது கையில் போட்ட ஊசி

தானா ராத்தா ஊர் கிளினிக் வரை வந்துவிட்டு, மூன்றாவது கோவிட் ஊசியைப் போடலாமா, திரும்பிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு எஸ்டேட்காரர். விரல்களில் தேயிலைக் கறை. இடது தோளை அடிக்கடி அமுக்கிவிட்டுக்கொண்டார். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். இவர் பக்கத்துப் பாரம் அந்தக் கையில்தானாம்.

“ரெண்டு ஊசி போட்டாச்சே, இன்னும் எதுக்குண்ணே?” என்றேன்.

“கூட மெஷின் பிடிக்கிறவன் வீட்டுல பச்சப்புள்ள இருக்குலா. நாள் பூரா அவன் மூஞ்சிக்கு எதிரதான் நிக்கிறேன். நாளைக்கு லீவு, வலிச்சா படுத்துக்கலாம். அதான் இன்னிக்கே வந்துட்டேன்.”

நர்ஸ் கூப்பிட்டதும், “வலது கையில போடுங்க மிஸ்ஸி” என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.

அடுத்து நான். “எனக்கும் வலது கை” என்றேன், கம்பீரமாக.

எஸ்டேட் ஆபீசில் நாள் முழுக்கப் பேனா பிடிக்கிற கிராணி நான். இரண்டு நாள் என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஆனாலும் அவர்மேல் கோபம் வரவில்லை.

இப்போதும் மலைச்சரிவில் மெஷின் சத்தம் கேட்டால் நின்று பார்க்கிறேன். மெஷின் பிடிக்கிற அந்த இருவரின் முகங்களும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன!