கண்டிப்பா என்று சொன்னவர்கள்

என் நாத்தனாருக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. வீட்டுக்கு வந்தால் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசுவார், நடந்துகொண்டே சாப்பிடுவார். கல்யாணமாகி வந்த புதிதில், என்னைப் பிடிக்காமல்தான் இப்படிப் பறக்கிறார் என்று நினைத்து ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் வேலை அப்படி. பதினேழு வருடமாக ஒரு கருத்துக் கணிப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டி, "இந்தத் தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?" என்று கேட்டு, நின்றபடியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர்.

கம்பெனி கொடுக்கும் தாளில் ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கு எதிரிலும் நான்கு கட்டங்கள் உண்டு. கண்டிப்பாகப் போடுவேன், போடலாம், போடமாட்டேன், தெரியாது. இதில் முதல் கட்டத்தோடுதான் நாத்தனாருக்கு ஜென்மப் பகை. கண்டிப்பா என்ற வார்த்தையை நம் ஆட்கள் எதற்குச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தத் தாளை அடித்தவருக்கு மட்டும்தான் தெரியவில்லை. "கண்டிப்பா ஒரு நாள் வீட்டுக்கு வர்றோம்" என்று சொன்னவர்கள் யாராவது வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வருகிற ஆள் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று கேட்டு உயிரை எடுப்பார்.

என் கல்யாணத்தின்போதே நாத்தனார் இந்த வித்தையைக் காட்டினார். அழைப்பு கொடுத்த வீடுகளின் பட்டியலை வாங்கி, ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று என் அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் பேனாவால் புள்ளி வைத்தார். "ஐந்நூறு பேருக்குச் சமைக்காதீங்க, முந்நூறு தாண்டாது" என்றார். மாப்பிள்ளையின் அக்கா என்பதால் அப்பா வாய்க்குள் திட்டிவிட்டு ஐந்நூறு பேருக்கே சமைத்தார். வந்தவர்கள் இருநூற்றுத் தொண்ணூறு பேர். மூன்று நாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வேலையிலும் அதே புள்ளிதான். கம்பெனி சொன்னபடி கட்டத்தில் டிக் அடிப்பார். கேள்வியும் கேட்காமல், குறையும் சொல்லாமல், சிரித்த முகமாகக் கண்டிப்பா என்றவரின் தாளில் மூலையில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்தால் அந்த ஓட்டு வராது என்று அர்த்தம். "அஞ்சு வருஷமா இந்தத் தெருவை எட்டிப் பாத்தானா அவன்?" என்று வாய்க்கு வந்தபடி திட்டுகிறவருக்குப் புள்ளி கிடையாது. திட்டுகிறவர் போடுவார் என்பது நாத்தனாரின் சட்டம். போன தடவை கம்பெனி ஒரு கட்சி வரும் என்றது, புள்ளியைக் கழித்துப் பார்த்த நாத்தனார் இன்னொரு கட்சி வரும் என்றார். நாத்தனார் சொன்னதுதான் வந்தது. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் சரி, உங்க புள்ளிய நான் கம்ப்யூட்டர்ல எந்தக் கட்டத்துல ஏத்தறது?" என்று கேட்டாராம். அன்று முதல் ஆபீசில் அவருக்குப் புள்ளியக்கா என்றே பெயர்.

இவ்வளவும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் வீட்டுக்காரர் பாராளுமன்றத் தேர்தலுக்கு நிற்கிறேன் என்று வந்து நிற்கும் வரை.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சங்க வேலை, ஆஸ்பத்திரியில் யாருக்காவது படுக்கை வாங்கித் தருவது, யாருக்காவது மனு எழுதித் தருவது என்று எப்போதும் பிறத்தியார் வேலையாகவே அலைவார். ஒரு சின்னக் கட்சி அவரைப் பிடித்துக்கொண்டது. மாலையோடு வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். தேர்தலில் நிற்பவர் டிப்போ வேலையில் இருக்கக் கூடாது என்று சட்டம். ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. நான் கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். டிப்போ மேனேஜர் நல்ல மனிதர், கடிதத்தை மேலே அனுப்பாமல் மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, "வேட்புமனுவ வாபஸ் வாங்க கடைசி நாள் திங்கட்கிழமை மூணு மணி. அதுக்குள்ள மனசு மாறினா வாங்க, கிழிச்சுப் போட்டுடலாம். அப்புறம் என் கையில இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த மூன்று மணிதான் கண் முன்னால் நின்றது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவேன். ஒரே துணியை இரண்டு தடவை துவைப்பேன்.

என் வீட்டுக்காரரோ தரையிலேயே இல்லை. தினம் ஓட்டுக் கேட்டுவிட்டு வந்து கணக்குச் சொல்வார். "பெரிய தெரு மொத்தமும் நமக்குத்தான். எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு கண்டிப்பாங்கிறாங்க."

நாத்தனார் ஜன்னல் ஓரம் நின்றபடி கேட்டார், "யாராவது திட்டினாங்களாடா?"

"என்னை எதுக்குக்கா திட்டணும்?"

"தண்ணி வரல, ரோடு சரியில்ல, நீ போய் என்னத்தக் கிழிப்பேன்னு யாரும் கேக்கலையா?"

"யாருமே கேக்கல. அவ்வளவு மரியாதை."

நாத்தனாரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

சொந்தக்காரர் நிற்கும் தொகுதியில் கணிப்பு எடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. நாத்தனார் லீவு போட்டார். பழைய தாளில் தம்பி பெயரையும் சேர்த்துப் புதிதாக நகல் எடுத்துக்கொண்டு, தன்னைத் தெரியாத தெருக்களாகப் பார்த்து ஒன்பது நாள் நடந்தார். நானூற்றுப் பத்து வீடு. வேட்பாளரின் அக்கா என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி கலைத்து எண்ணினார். மூன்றாவது தடவை என்னையும் எண்ணச் சொன்னார். கண்டிப்பா என்றவர்கள் இருநூற்று முப்பத்திரண்டு பேர். அதில் புள்ளி விழுந்தது நூற்றுத் தொண்ணூறு.

"மிச்சம் நாப்பத்திரெண்டு. மூணாவது இடம்" என்றார். "சொல்லணுமா?"

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன் அண்ணி."

"நீ சொன்னா பொண்டாட்டி பயந்துட்டான்னு நெனைப்பான்." அடுக்களை வரை போய்த் திரும்பி வந்தார். "நான் சொல்லி அவன் விலகிட்டா, நான் சொன்னது சரியா தப்பான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும். அது உனக்குப் புரியுதா?"

புரியவில்லை. எனக்கு மூன்று மணி மட்டும்தான் புரிந்தது. "உங்க புள்ளி எப்பவாவது தப்பியிருக்கா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

சாயங்காலம் வந்தவரிடம் நாத்தனார் சுற்றி வளைக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் தாள்களைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லா மூலையிலும் புள்ளி. "இத்தனையா?" என்று ஒரே ஒரு வார்த்தை. மறுநாள் இரண்டு இருபதுக்கு வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கிருந்தே டிப்போவுக்குப் போய்க் கடிதத்தைக் கிழித்துவிட்டு வந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு சாமி படத்தின் முன்னால் நின்று அழுதேன். நிம்மதியில்தான்.

அந்த நிம்மதி புதன்கிழமை வரைதான் நீடித்தது. வாசலில் ஒரு தச்சர் வந்து நின்று, என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "என்னய்யா ஆளு நீ? வீடு வீடா வந்து கும்பிட்டுட்டு, நடுவுல ஓடிப் போறதுக்கா வந்தே? எங்க மூஞ்சில என்ன எழுதியிருக்கு? எத்தனை பேரை விலைக்கு வாங்கினாங்க, அதுல நீயும் ஒருத்தனா?" என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். தச்சரின் பார்வை உள்ளே நின்ற நாத்தனாரின் மேல் விழுந்தது. "நீங்க கணக்கெடுக்க வந்தவங்கதானே? நான் கண்டிப்பான்னு சொன்னேனேம்மா, எழுதிக்கலையா?"

தச்சர் போனதும் நாத்தனார் தாள் கட்டை அவிழ்த்துத் தேடினார். நீலக் கதவு வீடு, தச்சு வேலை, மூன்று ஓட்டு. மூலையில் அழுத்தமாக ஒரு புள்ளி.

அதோடு நிற்கவில்லை. தையல்காரம்மா வந்து கத்திவிட்டுப் போனார். பழக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் பத்தொன்பது பேர் திட்டியிருந்தார்கள். ஒவ்வொருவர் திட்டும்போதும் நாத்தனார் தாளைத் தேடி எடுப்பார். சிலருக்குத் தாளே இல்லை, சிலருக்குப் புள்ளி இல்லை, ஏழு பேருக்குப் புள்ளி இருந்தது. "திட்டுறவங்க போடுறவங்க" என்று தனக்குத் தானே முணுமுணுத்தார்.

"ஏழு பேரை வெச்சு எம்பி ஆக முடியாது அண்ணி" என்றேன்.

"ஏழு பேரு வீடு தேடி வந்தாங்க. வராம வீட்டுலயே உக்காந்து திட்டுறவங்க எத்தனை பேருன்னு நீ எண்ணினியா?"

அன்றிலிருந்து தேர்தல் முடிவு வரும் வரை நாத்தனார் தினமும் வந்தார். வந்து தாளைப் புரட்டினார், போனார், பாதி வழியில் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஆபீசிலும் கட்டத்தில் டிக் அடிப்பதோடு சரி, புள்ளி வைப்பதை விட்டுவிட்டாராம். எனக்குக் கோபமாக வந்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை இருக்கிறது, வீட்டில் விளக்கு எரிகிறது, எதற்கு இந்தத் தவிப்பு என்று மனசுக்குள் பொருமினேன். ஆனால் அந்தத் தாள் கட்டைத் தூக்கி வெளியே போட எனக்கும் கை வரவில்லை.

முடிவு வந்த அன்று காலையிலிருந்து டிவி ஓடியது. ஜெயித்தவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் பதினோராயிரம் ஓட்டு வித்தியாசம். நாத்தனார் பேனாவும் காகிதமுமாக எதை எதையோ கூட்டிக் கழித்தார். ஒரு வழியில் போட்டால் என் வீட்டுக்காரர் மூன்றாவது வந்திருப்பார், இன்னொரு வழியில் போட்டால் ஜெயித்திருப்பார். காகிதம் தீரும் வரை போட்டார்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து வந்தார். நாத்தனார் அவர் எதிரே போய் நின்றார். "நான் தப்பா சொல்லிட்டேன்னு நெனைக்கிறேன்டா. நீ நின்னிருந்தா ஜெயிச்சிருப்பியோ என்னவோ. உன்னை நான்தான் கெடுத்துட்டேன்." கல்யாணமாகி வந்ததிலிருந்து நாத்தனார் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

என் வீட்டுக்காரர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தார். "நீ சொன்னதுக்காக நான் விலகலக்கா" என்றார். "மூணாவது இடம்னு நீ சொன்னப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. மாலையத் தூக்கிட்டு வந்தாங்களே, அன்னைக்கே வேணாம்னு சொல்லணும்னு இருந்தேன். அவ்வளவு பேரு முன்னாடி வாய் வரல. அப்புறம் இவ கத்தினா. இவ கத்தினதுக்குப் பயந்து விட்டுட்டான்னு சொல்வாங்களேன்னு வீம்பா நின்னுட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமே கிடையாது, ஜெயிச்சுட்டா என்ன பண்றதுன்னு. நீ ஒரு சாக்கு கொண்டுவந்து குடுத்தே, வாங்கிக்கிட்டேன்."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

"நீ கேக்கவே இல்லையேக்கா."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டிவியை நிறுத்தினேன். நிற்காதீர்கள் என்று நூறு தடவை என் வீட்டுக்காரரிடம் கத்தியிருக்கிறேன். நிற்க உங்களுக்கு இஷ்டமா என்று ஒரு தடவைகூட நானும் கேட்டதில்லை.