கல்லறைத் திருநாளில் கிடைத்த சாட்சி

என் மகளை இந்தக் கரையில் விட்டுவிட்டு நான் மட்டும் கொழும்புக்குத் திரும்ப வேண்டிய நிலை வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. அதிலிருந்து ஆண்டவர் என்னை மீட்ட விதத்தை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

என் பெயர் பிலோமினா. பிறந்தது கொழும்பில். தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணியில் வந்துபோன சவரிமுத்துவுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவரோடு இங்கே வந்தேன். மகள் மேரி நடக்கப் பழகிய சமயத்தில் அவர் காமாலையில் போய்விட்டார். அதுவரை என் விசாவை அவர்தான் புதுப்பித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு, குடியுரிமை வாங்க வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். மேரி இங்கே பிறந்தவள், அவளுக்குத் தடையில்லை. நான்தான் வெளிநாட்டுக்காரி.

விண்ணப்பிக்க ஒரு நிபந்தனை. சட்டம் கேட்கும் காலம் முழுவதும் இடைவிடாமல் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். நான் வசித்தேன். ஆனால் அதில் ஒரு வருடத்துக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

திருநெல்வேலியில் விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த வருஷம் உங்களுக்குத் தலைப்பிரசவம். பொண்ணுங்க அதுக்குத் தாய் வீட்டுக்குத்தானம்மா போவாங்க? உங்க தாய் வீடு கொழும்பு."

"நான் போகல ஐயா. கீழவைப்பார்ல எங்க வீட்டுக்காரரோட அத்தை வீட்டுலதான் இருந்தேன்."

"குழந்தை எங்கே?"

"பொறந்த அன்னைக்கே செத்துப்போச்சு ஐயா. மேரி அதுக்குப் பெறவு பொறந்தவ."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, உறவினர் சொல்வதை ஏற்க முடியாது, உறவில்லாத யாராவது நேரில் வந்து சொல்ல வேண்டும், நவம்பர் பாதி வரை காத்திருக்கிறேன் என்றார்.

அத்தை இறந்துவிட்டாள். ஊரில் மற்ற எல்லோருமே ஏதோ ஒரு வழியில் சவரிமுத்துவுக்குச் சொந்தம். உறவில்லாமல் அன்று என்னோடு இருந்தவர் அரசாங்க நர்ஸ் மரகதம் மட்டும்தான். அவரும் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் உடைந்துபோனேன். மாதா சன்னிதியில் முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. "அம்மா, நீயும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அழுகைதான்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். எப்படியும் போகப்போகிறோம், என் மகனை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று மேரியையும் தூக்கிக்கொண்டு கீழவைப்பாருக்குப் பஸ் ஏறினேன். அவனை அடக்கம் செய்த நாளில் எனக்கு நினைவே இல்லை. அதன் பிறகும் அங்கே போக மனதில் தெம்பு வந்ததில்லை. சுற்றுச்சுவர் ஓரம், உடைமரத்தடி என்று அத்தை சொன்னதுதான் தெரியும்.

அங்கே ஒரு அம்மாள் குந்தியிருந்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். காற்றில் சுடர் அணைய அணைய மறுபடி ஏற்றினார். நெற்றியில் திருநீறு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாருக்கும்மா ஏத்துதீங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட்டார். "ஏளா, நீ சவரிமுத்து பொஞ்சாதிதான?"

மரகதம்!

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை சொல்லாமலே போனதால் எனக்கு அதுவரை தெரியாத ஒன்றை அவர் சொன்னார். "நீ ஜன்னி கண்டு கெடந்த. புள்ள மூச்சு அடங்குது. சாமியார் வரத் தாமசமாவும், நீயே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடு, யாரு குடுத்தாலும் செல்லும்னு ஒங்க அத்தை அழுதா. அவ சொல்லச் சொல்ல நான் தண்ணி ஊத்துனேன். அந்தோணின்னு பேரு வச்சேன். எனக்குப் புள்ள இல்ல. என் கையால பேரு வாங்குனது இவன் ஒருத்தன்தான். இப்பத்தான் இந்தப் பக்கம் மறுபடி மாத்தல் வந்துச்சு. ஒங்க ஆளுவ எல்லாம் வெளக்கு வைக்கும்போது இவன் மட்டும் இருட்டுல கெடப்பானேன்னு வந்தேன்."

என் மகனுக்குப் பெயர் இருப்பதையே அன்றுதான் அறிந்தேன். கடவுள் அவ்வளவு பக்கத்தில் நிற்பதை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. பயமாகக்கூட இருந்தது.

என் கதையைச் சொன்னதும் மரகதம் லீவு போட்டுவிட்டு என்னோடு திருநெல்வேலிக்கு வந்தார். "கால் வீங்கியிருந்துச்சு சார். பயணமே கூடாதுன்னு நான்தான் தடுத்தேன். பிரசவமும் நான்தான் பாத்தேன். அதுக்குப் பெறவு எந்திரிச்சு நடக்கவே மாசக்கணக்காச்சு. இந்தப் புள்ள எந்தக் கப்பல்லயும் ஏறல" என்று நிமிர்ந்து சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மகளக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்.

அடுத்த ஆண்டு உறுதிமொழி எடுத்து இந்த நாட்டுக் குடிமகள் ஆனேன். மேரி என் இடுப்பில் இருந்தாள்.

பெற்றேன், இழந்தேன் என்று மட்டுமே அந்தப் பிள்ளையை நினைத்திருந்தேன். ஒரு நாள்கூட முழுதாக வாழாதவனை வைத்து ஆண்டவர் எனக்கு ஒரு நாட்டையே கொடுத்தார். அன்றிலிருந்து, இதே சிக்கலில் மாட்டியிருக்கும் பெண்களோடு நானும் அலுவலகத்துக்குப் போகிறேன். அவர்கள் உள்ளே பேசும்போது வெளியே ஜெபமாலை சொல்லுகிறேன்.

உங்களில் யாராவது என்னைப் போல வழி தெரியாமல் இருக்கலாம். ஜெபிக்க வார்த்தை வராவிட்டாலும் போய் முழங்காலில் நில்லுங்கள். நாம் தேடுகிற ஆளை ஆண்டவர் நமக்கு முன்பே அனுப்பிவைத்திருப்பார். ஆமென்.