வள்ளத்தின் அடிவயிறு

நான் வந்து சேர்ந்தபோது எங்கள் வள்ளம் கறுப்பாக இருந்தது. கொச்சியில் மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குத் தெற்கே, பழைய கிடங்குகளின் பின்சுவர்கள் தண்ணீரைத் தொடும் இடத்தில், சுவரில் பதித்த ஓர் இரும்பு வளையத்தில் கட்டிக் கிடக்கும். முந்திரித் தோட்டு எண்ணெயைப் பூசிப் பூசி ஏறிய கறுப்பு அது. புதிதாகப் பூசிய எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வாரமே இரண்டு முட்டியும் உரிந்தன.

அதற்கு முன் நான் பல ஊர்களில் இருந்தவள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போனேன். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் ஒரு ஓட்டலின் பின்கட்டு, கலூரில் கட்டிட வேலை, கடைசியாகத் தோப்பும்படியில் இறால் உரிக்கும் கொட்டகை. எங்கும் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்த்ததில்லை. யாரும் துரத்தியதும் இல்லை. ஒரு நாள் காலையில் கண் விழிக்கும்போது அந்த ஊர் பழசாகிப் போயிருக்கும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இறால் கொட்டகையின் ஐஸ் தண்ணீரில் விரல் நுனிகள் வெடித்துக்கிடந்த நாட்களில்தான் இவரைப் பார்த்தேன். கடலோடு கலக்கும் காயலில் வீச்சுவலை வீசுகிறவர். வள்ளத்தை மூங்கில் கழியால் ஊன்றிக் கொடுத்த தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டதால், கழியையும் வலையையும் மாற்றி மாற்றிப் பிடித்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"நான் ஊனட்டுமா?" என்று கேட்டேன்.

"முன்னாடி ஊனியிருக்கியா?"

"இல்ல."

"நீந்தத் தெரியுமோ?"

"கிணத்துல நீந்துவேன்."

"கிணறு எங்கயும் போகாதல்லோ," என்று சிரித்தார். ஆனால் கழியைக் கொடுத்தார்.

துணி வெளுக்கும் வேலைக்காக எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. தமிழ் பேசுவார், எழுதப் படிக்க மலையாளம்தான். எனக்குப் பஸ் போர்டை அவர் படித்துச் சொல்வார். அவர் போனில் வரும் தமிழ்ச் செய்தியை அவருக்கு நான் படித்துச் சொல்வேன். ஊரில் பெண்கள் கட்டியவரைக் கூப்பிடுவது போல நானும் சேட்டா என்று கூப்பிடப் பழகியிருந்தேன். அந்த வருடம் முடிவதற்குள் அவர் கட்டியவராகவும் ஆகிவிட்டார்.

வீச்சுவலையில் பேச்சு கூடாது. கழி வள்ளத்தில் தட்டக் கூடாது. அவர் முனையில் வலையைத் தோளிலும் முழங்கையிலும் மடித்துப் போட்டுக்கொண்டு நிற்பார், நான் பின்னால் நின்று ஊன்றுவேன். எங்கே திருப்ப வேண்டும் என்று அவர் தோள்பட்டை சொல்லும். இடது எலும்பு கொஞ்சம் இறங்கினால் இடது பக்கம் மீன். அவர் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இப்போதும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்த முதுகுதான்.

கரிமீனும் கணம்பும் கிடைத்துவந்தன. கணம்பு என்பது நம் ஊர்ப்பக்கத்து மடவை. இரண்டாவது மழைக்காலமும் வந்து போனது. நான் பையைத் தேடவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பின்தான் மீன் குறைந்தது. முழு நாளும் ஊன்றிவிட்டு ஒரு குழம்புக்கான மீனோடு திரும்பினோம். எங்கள் மீனை வாங்கி விற்கும் சேச்சி கூடையை எட்டிப் பார்த்து, "இதைப் பூனைக்கு வச்சா அது நம்மளத் திட்டும்," என்பாள். அவர் கூடையைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிடுவார். திரும்பும் வழியில் தோப்பும்படித் துறையில் கிடக்கும் ஆழ்கடல் படகுகளைப் பார்த்துக்கொண்டே வருவார். அதில் ஒன்றில் சமையல்காரராக இருந்தவர் கன்னியாகுமரி ஜில்லாக்காரர். எங்கள் துறையில் தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் இவரைக் கூப்பிடுவார்.

"ஏ மக்கா, இந்தக் குளத்துல என்னத்தப் பிடிப்ப? கடலுக்கு வா. ஒரு மாசம் கரையக் காணாம இருந்து பாரு."

ஒரு நாள் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இவர் சொன்னார். "ட்ராலிங் தடை முடிஞ்சு போட் எறங்குறதுக்குள்ள மீன் ஒழுங்கா கிட்டலேன்னா நான் போறேன்டீ."

அது தை மாதம். மழைக்காலத்தில் பெரிய படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று போடும் அந்தத் தடை முடிவது ஆடியில். கிணற்றில் நீந்தியவளுக்கு ஒரு மாதம் கரை காணாத இடம் என்னவென்று தெரியாது. நாங்கள் இருந்த ஒற்றை அறையில் அவர் இல்லாமல் ஒரு மாதம் என்றால் என்னவென்று தெரிந்தது. மீன் வந்தாக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அந்த வாரமே சீனவலைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இருந்த ஒரு முளையில் எங்கள் வலை சிக்கியது. அவருக்குக் காதில் சீழ். நான் இறங்கினேன். முடிச்சை விடுவித்துவிட்டு மேலே பார்த்தபோது தண்ணீர் முழுக்கப் பாலாக வெளிச்சம், நடுவில் எங்கள் வள்ளம் மட்டும் கன்னங்கரேலென்று, கதவு மூடிய மாதிரி. இதைப் பார்த்தால் எந்த மீன் நிற்கும் என்று தோன்றியது. அன்று மாலை மீன் கழுவும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு மீனுக்கும் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. கீழேயிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாதென்றுதானே வயிறு வெள்ளை?

அவரிடம் சொன்னேன். "வள்ளத்தோட வயித்தையும் வெள்ளையாக்கணும்."

"நீ எந்தா, மீனுக்கு டீச்சரா?"

"தண்ணிக்குள்ள போய்ப் பாருங்க."

"நான் பொறந்ததே தண்ணியிலயாக்கும். எடீ, குருத்தோலை கட்டின கயித்தைக் காயல்ல எதுக்கு வலிச்சுட்டுப் போறாங்க? வெள்ளையைக் கண்டா கரிமீனுக்குப் பேடி. பயந்து சேத்துல தலைய விட்டுக்கும். அப்புறம் கையாலயே எடுக்கலாம். அந்த வெள்ளையைத்தான் நீ வள்ளத்துல பூசச் சொல்ற."

ஆனாலும் விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். வேலியிறக்கத்தில் தண்ணீர் வற்றியதும் வள்ளத்தைச் சேற்றில் கவிழ்த்துப் போட்டு, நாள் முழுக்கச் சுரண்டி, வெள்ளை பெயின்ட் அடித்தோம். முதலில் நன்றாகத்தான் இருந்தது. கூடை கனத்தது. அவர் சீட்டி அடித்தார். நான் ராத்திரிகளில் ஆடி மாதத்தை நினைக்காமல் தூங்கினேன்.

வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளிந்தது. எங்கள் வெள்ளை வயிறு கண்ணாடிபோல மின்ன ஆரம்பித்தது. வலை விரியும் முன்பே கணம்புகள் துள்ளித் துள்ளி விலகின. ஒன்று அவர் மார்பிலேயே மோதிவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பியது.

"பாரு, உன் ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் ஓடுது," என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

நானும் கத்தினேன். கறுப்பாக இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டேன். பேச்சு முற்றிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பாதி பாதி. வலது பக்கம் கறுப்பு, இடது பக்கம் வெள்ளை. வள்ளத்தில் இரண்டு கூடை. எந்தப் பக்கம் வீசிப் பிடித்த மீனோ அது அந்தப் பக்கத்துக் கூடையில்.

துறையில் எங்களைப் பார்க்காதவர்கள் இல்லை. சேச்சிதான் ஆரம்பித்துவைத்தாள். "ஒரு சைடு கல்யாணம், ஒரு சைடு மரணம். கல்யாண விருந்து எந்தப் பக்கம்னு சொல்லு மோளே, நான் அங்க உக்காந்துக்கிறேன்."

நாளுக்கு நாள் கறுப்புப் பக்கத்துக் கூடைதான் நிறைந்தது. காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான். அவர் கூடையை என் பக்கம் தள்ளிவைப்பார். எனக்குத் தோற்றதில் வருத்தமே இல்லை. முழுக்கக் கறுப்பாக்கிவிட்டால் மீன் வரும், மீன் வந்தால் இவர் இருப்பார். எண்ணெய்கூட வாங்கிவைத்தேன்.

விஷு கழிந்து ஒரு நாள், தெற்கே ஏதோ கப்பல் வேலை என்று வழியை மறித்திருந்தார்கள். காலையில் வழக்கத்துக்கு மாறாக வடக்கே வல்லார்பாடம் பக்கம் போனோம். அன்று வெள்ளைப் பக்கத்துக் கூடை நிறைந்தது. கறுப்பில் நாலு குஞ்சுகள். அவர் குழம்பிப் போனார். நான் கழியைச் சேற்றில் குத்தி வள்ளத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தில் வள்ளத்தின் நிழல் விழுந்திருந்தது.

நாங்கள் தினமும் காலையில் தெற்கே போவோம், மாலையில் வடக்கே திரும்புவோம். போகும்போது சூரியன் இடது பக்கம். திரும்பும்போதும் இடது பக்கம். நிழல் என்றைக்கும் கறுப்பின் மேலேயே விழுந்திருக்கிறது. இரண்டு மாதம் கூடை பிரித்துப் பார்த்தோமே தவிர, தலையை நிமிர்த்திச் சூரியனைப் பார்க்கவில்லை.

"நிறமில்ல சேட்டா, நிழலு," என்றேன்.

அவர் வெகுநேரம் சிரித்தார். வள்ளமே ஆடியது. அன்றிலிருந்து நிழல் பக்கம் மட்டும் வீசினோம். கறுப்பு எண்ணெய் டப்பா திறக்கப்படாமலே இருந்தது. மீன் கொஞ்சம் கூடத்தான் செய்தது. நிழலில் அவர் கை வீசுவது மீனுக்குத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன். சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இடவப்பாதி என்று ஊரில் சொல்லும் பெருமழை வந்தது. கிழக்கேயிருந்து செம்மண் தண்ணீரும் ஆகாயத்தாமரையும் ஒன்றாக இறங்கின. வானம் மூடிக்கிடந்ததால் எந்தப் பக்கமும் நிழலில்லை. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாத தண்ணீரில் கறுப்பென்ன, வெள்ளையென்ன. வலையில் தாமரை வேர்தான் வந்தது.

ஒரு மத்தியானம் ஒழுகும் அறையில் பாத்திரங்களை நகர்த்திவைத்துக்கொண்டே சொன்னேன். "மழை விடட்டும். தண்ணி தெளிஞ்சதும் நிழல்ல வீசலாம். இப்பத்தான் நமக்கு வழி தெரிஞ்சிருக்கே."

அவர் வலைக் குண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "மீன் கிட்டினாலும் நான் போவேன்டீ."

நான் இன்னொரு பாத்திரத்தை ஒழுகலுக்கு அடியில் வைத்தேன்.

"பொறந்ததுலேர்ந்து இந்தக் காயல்தான். இங்க நின்னா அந்தக் கரை தெரியும், அங்க நின்னா இந்தக் கரை. கரையே தெரியாத எடத்துல ஒரு தடவ நிக்கணும் எனக்கு. மீனுக்காக மட்டும் இல்ல. உன் மேல கோபமும் இல்ல."

அந்தப் பேச்சு எனக்குத் தெரிந்த பேச்சு. சூளையில் அம்மாவிடம் நான் அதைத்தான் பேசினேன். திருப்பூரில் என்னோடு அறையில் இருந்தவளிடமும் பேசினேன். அவள் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்படிப் பேசுகிற ஆளை என்ன சொன்னாலும் நிறுத்த முடியாது. அதனால் நான் அவருடைய இரண்டு சட்டைகளையும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காயப்போட்டேன்.

தடை முடிந்து படகுகள் இறங்கியபோது அவர் போனார். நான் ஒற்றையாகக் காயலுக்குப் போக ஆரம்பித்தேன். வீச்சுவலை எனக்கு விரியாது. மாலையில் கட்டிவிட்டு விடிந்ததும் எடுக்கும் வலையாக மாற்றிக்கொண்டேன். இப்போது முன்னால் முதுகு இல்லை, எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். அடிக்கடி வழி தப்பிப் போனேன்.

படகுகள் கரை திரும்பும் நாட்களில் ஃபோர்ட் கொச்சிக்குப் போய் முகத்துவாரத்தில் நிற்பேன். அங்கேதான் ஒன்று புரிந்தது. கேரளத்துப் பெரிய படகுகளுக்கெல்லாம் அரசாங்க உத்தரவுப்படி ஒரே நிறம். உடல் கடும் நீலம், மேலே அறை ஆரஞ்சு. நம் படகு எது, வேற்றுப் படகு எது என்று கடலில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். உத்தரவு போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு வரிசையாக நீலமும் ஆரஞ்சுமாக வந்துகொண்டே இருந்தன. பக்கவாட்டில் எழுதிய நம்பர் மிக அருகில் வந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். ஒரு தடவை ஒரு படகைப் பார்த்து ஓயாமல் கையை ஆட்டினேன். யாரோ ஒரு ஆள் சிரித்துக்கொண்டே திருப்பி ஆட்டினான்.

முதல் தடவை திரும்பி வந்தவர் உதடு வெடித்து, கறுத்து, இரண்டு நாள் தூங்கினார். விழித்ததும் கேட்டேன்.

"அந்தப் படகுக்கு அடியில என்ன நிறம்?"

"சிவப்பு. பாசி பிடிக்காம இருக்க."

"மீன் பயப்படாதா?"

"நான் கேட்டுப் பார்க்கல," என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "என்ஜினை நிறுத்திட்டு நின்னா அடியில வந்து கூடும். பச்சையும் மஞ்சளுமா பெரிய மீனுங்க. நிழலுக்குத்தான். நீ சொன்னதை அங்கயும் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"உன் வீட்டுக்காரி படிச்சவளான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

மறுபடி கிளம்பிப் போனார். அவர் போன வாரம், ஆட்டோ பட்டறையில் மிச்சமிருந்த மஞ்சள் பெயின்ட்டைக் கேட்டு வாங்கி, வள்ளம் முழுக்க அடித்தேன். உள்ளே, வெளியே, முனை, அடி எல்லாம் மஞ்சள். சேச்சி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இனி ஸ்கூல் பஸ்ஸுன்னு பிள்ளைங்க வந்து ஏறும். மீன் எப்படி மோளே வரும்?"

"வந்தா வரட்டும் சேச்சி."

மீன் வரும் நாளில் வருகிறது. காயலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வேறு மஞ்சள் வள்ளம் கிடையாது. நான் நம்பர் தேடிக்கொண்டு நிற்பதற்குப் பதில், அவர் அங்கிருந்து என்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

கரைக்குச் சமீபம் வந்து போனில் டவர் கிடைத்ததும் கூப்பிட்டார். வள்ளத்தை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தின் தெற்கு ஓரம் வரை போனேன். கடல் ஏறியிருந்த நேரம், கழி எட்டாமல் துடுப்புதான் போட்டேன். படகுகள் வரிசையாகக் கடந்தன. அவை கிளப்பிய அலையில் வள்ளம் தூக்கித் தூக்கிப் போட்டது. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. எந்தப் படகிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சொன்னார், "மஞ்சளா? எப்ப? போன் வச்சதும் நான் உறங்கிப் போயிட்டேனே."

இந்தத் தடவை அவர் கிளம்பிய அன்று துறை வரைக்கும் போய், அந்தச் சமையல்கார அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, வைப்பின் தீவின் கலங்கரை விளக்கம் தெரிந்ததும் இவரை எழுப்பி மேலே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன்.

"எதுக்குத் தங்கச்சி?" என்று கேட்டார்.

"சும்மா எழுப்பி விடுங்கண்ணே. தெற்குப் பக்கமா பார்க்கச் சொல்லுங்க," என்றேன்.