வளைவில் நிற்கும் இரைச்சல்

விமானச் சத்தம் கேட்டால் மகள் மேசைக்குக் கீழே போய்விடுகிறாள் என்று கார்டெரி என்கிற பகல்நேரப் பிள்ளைகள் காப்பகத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருநாள் மாலை சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் யாராவது இப்படி விளையாடுவீர்களா என்று சிரித்தபடிதான் கேட்டாள். நான் குனிந்து பிள்ளைக்குச் சப்பாத்தை மாட்டிவிட்டேன்.

நாங்கள் குடியேறிய சென்ட் லோரன்டில், விமான நிலையம் கிட்ட என்பதால், எங்கள் வீட்டுக்கு மேலால் விமானங்கள் தாழப் பறக்கும். நான் மேசைக்குக் கீழே போவதில்லை. ஆனால் சத்தம் கிட்ட வரும்போது ஒரு கை வேலையை நிறுத்தும், மற்றது பிள்ளையைத் தேடும். விமானங்கள் குண்டு போட்ட வன்னியில் எழுத்து படிக்கும் முன்பே நாங்கள் படித்த பாடம் அது: குப்புறப் படு, நெஞ்சை நிலத்தில் முட்டவிடாதே, காதைப் பொத்து, வாயைத் திறந்து வைத்திரு. இதை நான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. நாலு வயதுக்குள் என் கையைப் பார்த்தே பழகிவிட்டாளா?

கணவர் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்.

"பழங்காலத்து பிளேனுகளை அப்படியே திரும்பச் செய்து, ஆக்கள் ஏறி றேஸ் விடுகினமாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவம்," என்றார்.

"பயம் கூடினால்?"

"ஆருக்கு? பிள்ளைக்கோ, உமக்கோ?"

டொலார்ட் கோயிலுக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டி, நகரம் முடிகிற பக்கத்தில் ஒரு புல்வெளி. நுழைவாயிலில், நூறு வருடங்களுக்கு முன் இங்கே முதன்முதலில் விமானங்கள் பறந்தபோது பார்க்கப்போனவர்களின் நினைவுகளைப் பலகைகளில் ஒட்டியிருந்தார்கள். கணவரும் மகளும் முன்னால் போய்விட, நான் அங்கேயே நின்று வாசித்தேன். ஒருவருக்கு ஞாபகம் இருந்தது கழுத்துவலி மட்டும். இன்னொருவரின் குதிரை வண்டியோடு ஓடிவிட்டதாம். ஒரு தாய் கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியிருக்கிறாள். அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவளுடைய கை ஏன் மேலே போனது? கொஞ்சம் யோசித்தபோது விளங்கியது. விமானத்திலிருந்து எதையாவது கீழே போடலாம் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

றேஸ் என்றாலும் வேகம் பெரிதாக இல்லை. துணியும் தடியும் கம்பியுமாக இரண்டு விமானங்கள், இரண்டு கம்பங்களைச் சுற்றி வந்தன. நல்லாகப் பார்க்கலாம் என்று கணவர் எங்களைக் கம்பத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டார். மகள் என் பாவாடையைப் பிடித்தபடி, ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. சரி, வந்தது பிழையில்லை என்று நினைத்தேன்.

முதல் விமானம் கம்பத்தை நெருங்கி, திரும்புவதற்காகச் சரிந்தது. திடீரென்று அதன் சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. பிள்ளை எனக்குக் கீழே, என் முழங்கைகள் நிலத்தில், உள்ளங்கைகள் அவளுடைய காதுகளில். வாய் திறந்திருந்ததால் நாக்கில் புல். மேலே அந்த இயந்திரம் மறுபடி படபடவென்று முழங்கிக்கொண்டு போனது. பக்கத்தில் கதிரை போட்டு இருந்த ஒரு பெண், எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, சொல்ல மறந்துபோனன்," என்றார் கணவர், முகம் சிவந்துபோய். "இந்தப் பழைய இஞ்சினை மெதுவாக்க ஏலாது. வளைவிலை நிப்பாட்டி நிப்பாட்டித்தான் ஓட வேணும்."

"பிளேனுக்கை வேலை செய்யிற மனுசன். இதை முதல் சொல்லியிருக்கக் கூடாதோ?"

எனக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "அம்மா, எழும்புங்கோ. எனக்கு மறைக்குது."

எழுந்தேன். உடம்பெல்லாம் புல். வீட்டுக்குப் போவோமா என்று கணவர் கேட்டார். போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பிள்ளை கடைசியாகப் பார்த்தது நான் விழுந்ததாக இருக்கக் கூடாது.

"இன்னும் ஒரு சுற்று," என்றேன்.

அவளை இடுப்பில் தூக்கி வைத்தேன். தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிற அளவுக்குத் துணிவில்லை. விமானம் கம்பத்துக்கு வந்தது.

"இப்ப நிப்பாட்டுவார்!" என்று மகள் கத்தினாள்.

சத்தம் நின்றது. அவள் கைதட்டினாள்.

செய்தது சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது. மேசைக்குக் கீழே போவதை அவள் முழுதாக விடவில்லை. நேற்றும் போனாள். ஆனால் அங்கிருந்து தலையை நீட்டி, "அம்மா, இந்த அவியோன் ஏன் நிப்பாட்டேல்லை?" என்று, விமானத்துக்குக் கார்டெரியில் பழகிய பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

எனக்கும் சரியாகத் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டுபேரும் போய் யன்னலால் பார்த்தோம்.