இரண்டு என்று சொன்னவன் நான்

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்கு மேலே, மழைக்கு மழை மண் சரியும் மேட்டில் கடை கட்டியவன் நான். கருங்கல்லை நானே உடைத்து அணை போட்டேன். ஓடையிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து நாலாம் வகுப்போடு நின்றவன் டெலிபோன் எடுத்தான், போட்டோ கொப்பி மெஷின் எடுத்தான், கடைசியில் இன்டர்நெட்டோடு கம்பியூட்டரும் வைத்தான். தோட்டத்து ஆள் கொமினிகேஷன் கடை வைத்து உருப்படுவானா என்று கேட்டவர்கள், பிறகு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேச அங்கேதான் வரிசையில் நின்றார்கள். இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. நான் செய்த பெரிய வேலை ஒன்று மட்டும் இன்னொருவர் பெயரில் கிடக்கிறது.

கடைக்கு முன்னால் இருபது வருடம் றப்பர் ஸ்டோரில் ஷீட் தரம் பிரித்தேன். புகைபோட்டுக் காய்ந்த ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கொப்புளமா, பட்டைத் தூசியா, புகைக்கறையா என்று ஒரே பார்வையில் சொல்ல வேண்டும். சில நேரம் இரண்டு ஷீட் ஒட்டிக்கொண்டு ஒன்று போலவே இருக்கும். ஏறிக் கிடக்கும் இடத்தின் ஓரம் மட்டும் ஒரு நூல் அளவு கூடுதலாகக் கறுத்திருக்கும். எனக்கு அது தப்பியதே இல்லை. தோட்டத்தை நடத்தும் துரையே என்னைக் கேட்டுத்தான் கட்டு கட்டச் சொல்வார்.

தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வன்னியிலிருந்து வந்த விஞ்ஞான மாஸ்டர் ஒருவர் சனிக்கிழமை காலைகளில் கடைக்கு வருவார். மத்தியானமானால் இடி தொடங்கும், டெலிபோன் லைனைக் கழற்றிவிட வேண்டும். விண்வெளியில் சுற்றுகிற தொலைநோக்கி ஒன்று வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து வரைபடம் போடுகிறது என்றார். படங்கள் குவிந்துவிட்டதால், அதிலுள்ள நட்சத்திரக் கூட்டங்களை உருவம் பார்த்துப் பிரித்துத் தரும்படி வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஊர் உலகத்தைக் கேட்டிருந்தார்கள். மாஸ்டர் தன் பெயரில் பதிந்துகொண்டார். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். மழையும் மூட்டமுமான எங்கள் ஊரில், வானத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே அந்தத் திரையில்தான். சில வாரத்தில் பட்டனை அமுக்குவது அவர், பார்த்துச் சொல்வது நான் என்றாகிவிட்டது.

"வானத்து வெள்ளியெல்லாம் பிரிச்சாச்சு. வீட்டு அரிசியில கல்லு பொறுக்கத்தான் ஆளில்ல," என்பாள் என் மனைவி.

ஒருநாள் திரையில் நீளவாக்கில் ஒரு கூட்டம் இறங்கியது.

"இது ஒண்டுதான் அண்ணை," என்றார் மாஸ்டர்.

"ரெண்டு, மாஸ்டர். ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கெடக்கு. அந்த ஓரத்தப் பாருங்க."

"உங்களுக்கு எல்லாமே ஷீட்டாத்தான் தெரியுது."

"தெரியட்டும். ரெண்டுன்னு எழுதுங்க."

எழுதினார். சில வாரத்தில் பதில் வந்தது. இரண்டேதான். ஒன்றுக்குப் பின்னால், நினைத்தும் பார்க்க முடியாத தூரத்தில் மற்றது. பின்னால் இருப்பதன் வெளிச்சத்தில் முன்னால் இருப்பதன் தூசியை அளக்கலாமாம். கட்டுரை எழுதப்போவதாகவும், கண்டுசொன்னவரின் பெயரை நன்றிப் பட்டியலில் போடப்போவதாகவும் எழுதியிருந்தார்கள்.

"அண்ணை, உங்கட பேரைத்தான் குடுக்கவேணும்," என்றார் மாஸ்டர்.

"வேணாம் மாஸ்டர். எந்த லிஸ்ட்லயும் என் பேரு வேணாம்."

அதற்கு முந்திய வருடம், கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் என்னை இறக்கினார்கள். அவர்களுடைய லிஸ்டில் என் பெயரிலேயே இன்னொருவன் இருந்தான். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. எவ்வளவு பேசியும், பெயர் சரிதானே என்ற அர்த்தத்தில் "நம ஹரினே" என்பதுதான் பதில். மூன்று நாள் உள்ளே இருந்தேன். தமிழ்ப் பெயர் ஒரு தாளில் ஏறினால் ஆபத்து என்று லயத்துக்கு லயம் நம்பிய காலம் அது.

"இது வானத்து லிஸ்ட் அண்ணை."

"வாசிக்கிறவன் பூமியிலதான இருக்கான். உங்க பேரப் போடுங்க. பொறகு பாத்துக்குவோம்."

பிறகு என்று ஒன்று வரவில்லை. அந்த விடுமுறைக்கு மாஸ்டர் தாயைப் பார்க்க வன்னிக்குப் போனார். சண்டை மூண்டு பாதை மூடிவிட்டது. சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. அகதி முகாம் ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கேட்டேன், தெரியாது என்றுகூட ஒருவரும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

கட்டுரை வந்தது. மருமகள் அச்செடுத்து வாசித்தாள். மாஸ்டரின் பெயர் மட்டும் இருந்தது. அவளைக் கொண்டே ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதினேன். பதிவில் ஒருவர்தான் இருக்கிறார், அவர் சொன்னால் சேர்க்கிறோம் என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். சொல்ல அவரை எங்கே போய்த் தேடுவேன்?

"விடுங்க," என்றாள் மனைவி. "காணாமப் போன மனுசனுக்கு மிச்சம் அந்தப் பேரு ஒன்னுதான். அதுலயும் பங்கு கேப்பீங்களா?"

அதன் பிறகு கடையில் உட்காரவே மனம் வரவில்லை. ஒரு பெருமழைக்குச் சரிந்துபோகும் மேட்டில்தான் இவ்வளவையும் கட்டி வைத்திருக்கிறேன். அது போய்விட்டால், இந்த மனிதனுக்குக் கண் இருந்தது என்று சொல்ல ஒரு தாளும் மிஞ்சாது. சாட்சி ஒருவர்தான் இருந்தார்.

மாஸ்டரின் பெயரை யாரும் தொட வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் என் பெயரையும் போடுங்கள். அன்று வேண்டாம் என்று சொன்னதும் நான்தான், ஒளிக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு என்று முதலில் சொன்னது என் வாய். அதை எழுதுங்கள்.