பேய்க்காட்டாதையும், ஐசே!

சாவகச்சேரியிலிருந்து வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்த புதிதில், பாலசுந்தரம் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் இருந்தார். கீழே மக்கீனின் சாப்பாட்டுக்கடை. அதன் பின்பக்கத்தில் காய்களைச் சுண்டி விளையாடும் ஒரு கரம் பலகை. பின்னேரங்களில் அங்கே கூடும் இளந்தாரிகளில் ஸாலிஹை யாராலும் வெல்ல முடியாது. முதல் நாளே அவரோடு ஆட உட்கார்ந்த பாலசுந்தரம், ஸாலிஹின் சட்டைக் கை தற்செயலாகப் பட்டதுபோல் ஒரு காய் பொக்கட்டுக்குள் நழுவுவதைக் கண்டுவிட்டார்.

"பேய்க்காட்டாதையும், ஐசே!"

ஸாலிஹ் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். "பேயா? எங்க?"

ஏமாற்றுவதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வது என்று விளக்குவதற்குள் கடையே சிரித்து ஓய்ந்தது. ஆனால் அந்தச் சொல் ஸாலிஹுக்குப் பிடித்துப்போயிற்று. நிறுவையில் விளையாடுகிற மீன்காரனும் பேய்க்காட்டினான்; மிச்சம் தராத கொண்டக்டரும் பேய்க்காட்டினான். பிறகு ஸாலிஹுக்கு மகள் பஸ்லா பிறந்தாள். அவளுக்குக் காகத்தைக் காட்டிச் சோறு தீத்துவதும் பேய்க்காட்டுறதுதான் என்று பாலசுந்தரத்தின் மனைவி சொன்னபோது, "இதுக்கு நல்ல கருத்தும் ஈக்கா?" என்று ஸாலிஹ் அதிசயப்பட்டார்.

இப்போது இருவருக்கும் எழுபது கடந்துவிட்டது. பாலசுந்தரம் வெள்ளவத்தையில் மகள் சாம்பவியோடு இருக்கிறார். போன வருடம் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஸாலிஹ் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, இடது கையால் சுண்டப் பழக்கினார். மெல்ல மெல்ல விரல் சொல்வழி கேட்டது. ஒரு சனிக்கிழமை பாலசுந்தரம் வென்றே விட்டார். அடுத்த கிழமையும் வென்றார். லிஃப்டில் கண்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

அதற்கடுத்த ஆட்டத்தில் சிவப்புக் காய் பொக்கட்டின் வாயிலேயே நின்றது. ஊதினாலே விழும். ஸாலிஹ் தவறவிட்டார்.

பாலசுந்தரம் பலகையிலிருந்து நிமிர்ந்தார்.

"என்னைப் பேய்க்காட்டுறீரோ?"

"இல்ல மச்சான், கை வழுக்கிட்டு."

"உம்மட கை வழுக்காது. எனக்குத் தெரியாதோ?"

ஸாலிஹ் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சிரிச்சு எவ்வளவு காலம்... அதான்."

"நான் என்ன, சோறு தீத்துற பிள்ளையோ? விளையாடுறதெண்டா ஒழுங்கா விளையாடும். இல்லாட்டி எழும்பிப் போம்."

ஸாலிஹ் சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு பாலசுந்தரத்துக்கு மூச்சுவிட இடமில்லை. சிவப்பு விழுந்தது, பின்னாலேயே மற்றக் காய்களும். மக்கீன் கடையில் விளையாடிய அதே விரல்கள். அங்கு கொதித்த பிளேன்டீயின் மணம்கூட மூக்கில் ஏறியதுபோல் இருந்தது. படுதோல்வி. பாலசுந்தரத்துக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னொண்டு," என்றார்.

காய்களை நடுவில் தானே அடுக்கத் தொடங்கினார். இடது கைக்கு அது நேரம் பிடித்தது. ஸாலிஹ் உதவிக்குக் கை நீட்டவில்லை.