அரிசிப் பரலுக்குள் இருந்த குவைத் கொம்பியூட்டர்

எங்கள் வீட்டில் அரிசி கொட்டிவைக்கும் தகரப் பரல் ஒன்றுக்குள் ஒரு கொம்பியூட்டர் பன்னிரண்டு வருசம் இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் ஒருவரும் அதைத் தொடுவதில்லை, அது எங்களுடையதில்லை.

எருக்கலம்பிட்டியில் இருந்த என் பள்ளிக்கூடச் சிநேகிதியின் வீட்டுச் சாமான் அது. அவளுடைய வாப்பா குவைத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தபோது, மற்றவர்கள் ரீவியும் துணிமணியும் கொண்டுவர, அவர் இதைக் கொண்டுவந்தார். பார்வைக்கு ஒரு தடித்த தட்டச்சுப் பலகை மாதிரி இருக்கும். ரீவியில் கொழுவினால் திரையில் எழுத்து வரும். ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அறபு எழுத்தும் இருந்தது. சனிக்கிழமைகளில் நான் பள்ளிமுனையில் இருந்து அவர்கள் வீட்டுக்குப் போவேன். நாங்கள் இரண்டு பேரும் ரீவிக்கு முன்னால் குந்தியிருந்து வட்டங்கள் கீறுவோம், எங்கள் பெயர்களைத் திரை முழுக்க ஓடவிடுவோம்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கம் முஸ்லிம் சனங்களை மன்னார்த் தீவை விட்டுப் போகச் சொன்னபோது, அவளுடைய வாப்பா சைக்கிளில் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மாவிடம் கொடுத்து, இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும் என்றார். வேறு ஒன்றும் கதைக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. அடுத்த நாள் அவர்கள் கற்பிட்டிப் பக்கம் வள்ளத்தில் போய்விட்டார்கள்.

அம்மா ஒரு வெறும் பரலை எடுத்து, அடியில் உமி போட்டு, பெட்டியைச் சீலையால் சுற்றி உள்ளே இறக்கி, மேலேயும் உமியும் காய்ந்த வேப்பிலையும் போட்டு மூடினா. சண்டையில் நாங்கள் மடு மாதா கோயிலுக்கு ஓடினோம், திரும்பி வந்தோம், கூரை ஒருமுறை பறந்தது. பரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வருசங்களில்தான் நான் றேடியோ திருத்தப் பழகினேன். கரண்ட் இல்லை, பற்றரி கிடைப்பதில்லை, ஆனால் செய்தி கேட்காமல் ஒருவராலும் இருக்க முடியாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். பழுதான றேடியோக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எது எதற்கு என்று எனக்கு நானே விளங்கிக்கொண்டேன். சமாதான காலம் வந்தபோது மன்னார் பஸாரில் எனக்கென்று ஒரு சின்னக் கடை இருந்தது. பொம்பிளைப் பிள்ளை கடை என்று சனங்கள் அடையாளம் சொல்வார்கள்.

பாதைகள் திறந்தபிறகு ஒருநாள் காலை, அம்மா கடைக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டா. வீட்டுக்குப் போனால் வாசலில் அவள் நிற்கிறாள். கையில் ஒரு பயணப் பை. தலையில் முக்காடு, முகத்தில் அதே சிரிப்பு. புத்தளத்தில் ஆசிரியையாக இருக்கிறாளாம். எருக்கலம்பிட்டி வீட்டைப் பார்க்க வந்தவள், அங்கே நாலு சுவரும் ஒரு கிணறும்தான் மிச்சம் என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. கிணற்றுத் தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீர் என்று இரண்டு தரம் சொன்னாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா கேட்டா, "பிள்ளை, உங்கட சாமானைப் பாக்கேல்லையே?"

அவள் விளங்காத மாதிரிப் பார்த்தாள். "என்ன சாமான் அன்ரி?"

அம்மா பரலின் மூடியைத் திறந்தா. நாங்கள் இரண்டு பேரும் தோள்வரை கையை விட்டு உமிக்குள் துழாவினோம். சீலையை விரித்து அந்த விசைகளைக் கண்டவுடன் அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு எனக்கு உமி அப்பியிருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். அவளுக்குத்தான் மூக்கு முழுக்க உமி. வாப்பா அதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். சாமான் இல்லாமல் போயிருந்தால் எங்களுக்குச் சங்கடம் என்று.

கடைக்குக் கொண்டுபோய்க் கொழுவினோம். ஒன்றும் வரவில்லை. மூடியைக் கழற்றினேன். உப்புக் காற்று உமிக்குள்ளும் புகுந்திருந்தது. தகரப் பாகங்கள் கறள் பிடித்துக் கிடந்தன, பியூஸ் போயிருந்தது, கண்டென்சர்கள் சில கசிந்து மண்ணிறமாக ஒட்டியிருந்தன. ஆனால் பலகை உடையவில்லை. பார்க்கலாம் என்றேன். பள்ளிக்கூட லீவு முடியும்வரை அவள் எங்கள் வீட்டிலேயே நின்றாள்.

பழைய ரீவிகளில் இருந்து கண்டென்சர் கழற்றினேன். கறளைச் சுரண்டினேன். பலகையைத் துடைக்க ஸ்பிரிட் கிடைக்கவில்லை. அம்மா காய்ச்சலுக்கு நெற்றியில் பூசுகிற ஓடிகொலோன் போத்தலை எடுத்தோம். கடை முழுக்க வருத்தக்காரர் படுத்திருக்கும் அறை மாதிரி மணந்தது. றேடியோ எடுக்க வந்த ஒருவர், உங்களுக்குக் காய்ச்சலோ என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் விசைகளை எல்லாம் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தாள். திரும்பப் பூட்டும்போது அறபு எழுத்துகளைப் பாடமாக்கிய ஒழுங்கில் சொல்லிச் சொல்லிப் பூட்டி, அது விசைப் பலகையின் ஒழுங்கு இல்லை என்று கண்டு, எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள்.

அப்போதும் திரை சாம்பல் நிறத்தில்தான் நின்றது. லீவு முடிந்து அவள் புத்தளம் போனாள். போகும்போது பெட்டியைப் பல பக்கத்தாலும் படம் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இன்ரநெற் கடை ஒன்றில் இருந்து தேடியபோது, இப்படிப் பழைய கொம்பியூட்டர்களைச் சேர்ப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். அவர்கள் கூடிக் கதைக்கும் பக்கம் ஒன்றில் படங்களைப் போட்டாள்.

அடுத்த கிழமை என் கடைக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. மூச்சு வாங்கக் கதைத்தாள். நெதர்லாந்தில் ஒருவரும் குவைத்தில் ஒருவரும் அதை வாங்கக் கேட்கிறார்களாம். அறபு எழுத்தோடு வந்த அந்த வகை இப்போது கிடைப்பதே அரிதாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேலை செய்யாத சாமானை யார் வாங்குவார்கள் என்றேன். வேலை செய்ய வைப்போம் என்றாள்.

அதற்கு உதவியது அந்த நெதர்லாந்துக்காரர்தான். பலகையின் வரைபடத்தைக் கொம்பியூட்டர் வழியாகவே அனுப்பினார். அவள் அதை அச்செடுத்து, பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். எந்தெந்தச் சிப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். மேல்மூடி மஞ்சள் பிடித்திருந்ததால், வள்ளத்துக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற் அடிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதை அவள் அவருக்கு எழுதிவிட்டாள். தயவுசெய்து வேண்டாம் என்று ஒரே நாளில் அவரிடமிருந்து மூன்று பதில் வந்ததாம். சேர்ப்பவர்களுக்கு மஞ்சள் பிடித்தாலும் பழைய மேனிதான் வேண்டுமாம். நான் தூரிகையை வைத்துவிட்டேன்.

அவர் சொன்ன இடத்தில் ஒரு சிப்பின் கால்கள் பச்சை பிடித்திருந்தன. கழற்றி, பென்சில் அழிறப்பரால் ஒவ்வொரு காலாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். மத்தியானம் கரண்ட் வந்ததும் ஆளியைப் போட்டேன். ரீவி இரைந்தது. பிறகு நீலத் திரை. அதன் மேல் அறபு எழுத்துகள், வலமிருந்து இடமாக.

கடையில் நான் மட்டும்தான். தெருவில் போன மீன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்த்து, நல்லது பிள்ளை என்று சொல்லி ஒரு ஒட்டி மீனைத் தந்துவிட்டுப் போனார்.

யாருக்குக் கொடுப்பது என்பதை அவளும் வாப்பாவும் தீர்மானித்தார்கள். குவைத்துக்காரர் எழுதியதை அவள் எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். சின்ன வயதில் இதே கொம்பியூட்டர் அவர் வீட்டில் இருந்ததாம். அங்கேயும் அதே தொண்ணூறாம் ஆண்டுதான் படை புகுந்தது. அவர்கள் வீட்டை விட்டு ஓடித் திரும்பி வந்தபோது எல்லாம் போயிருந்ததாம். வாப்பா அதைக் கேட்டவுடன், அந்த மனிசனுக்கே குடுத்திடுங்க என்றாராம். காசு வேண்டாம், ஊருக்குத் திரும்பி வந்திருக்கிற எருக்கலம்பிட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகப் புதுக் கொம்பியூட்டர்கள் வேண்டும் என்று அவள் கேட்டாள். தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வேலை மாற்றமும் கேட்டிருந்தாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார், மனைவியோடு கொழும்புக்கு வருவதாகவும் சொன்னார். நெதர்லாந்துக்காரருக்குக் கவலைதான். ஆனாலும் ஓடுகிற திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வாழ்த்தினார்.

அவள் மன்னாருக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தோம். பாலம் தாண்டியதும் தள்ளாடி என்ற இடத்தில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் ஒருவர் எங்கள் பெட்டியைத் திறந்து, "மே மொகக்த?", இது என்ன என்று கேட்டார்.

புத்தளத்தில் பழகிய சிங்களத்தில் அவள் கொம்பியூட்டர் என்றாள். அவர் திரை எங்கே என்றார். திரை இல்லை, ரீவியில் கொழுவ வேண்டும் என்றாள். அவர் நம்பவில்லை. பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் பெட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் போட்டுக் காட்டுங்கள் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே கொட்டிலில் ஒரு ரீவி, அதில் கிரிக்கெற். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகம் விழுந்தது. நான் வயரைக் கொழுவி, அலைவரிசையைத் திருப்பத் தொடங்கினேன். ஒரே இரைச்சல். கடையில் வந்த படம் இங்கே வராமல் போனால் என்ன சொல்வது? மாதாவே மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினேன். நீலம் வந்தது.

பெரியவர் குனிந்து எழுத்துகளைப் பார்த்து, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அவள் அறபில் வாசித்து, நல்வரவு என்று போட்டிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். அவளுடைய வாப்பா அந்தக் காலத்தில் வாங்கிய ஒரு விளையாட்டும் பெட்டிக்குள் இருந்தது. சொருகினால் ஒரு சின்ன வண்டி ஓடி ஓடிப் பழம் பொறுக்கும். அதைப் போட்டோம். முதலில் பெரியவர் விளையாடினார். வண்டி சுவரில் மோதியது. பின்னால் நின்றவர் எனக்குத் தாருங்கள் என்று கையை நீட்டினார். பஸ் கொண்டக்டர் எங்களைத் தேடி வந்தார், அவரும் ஒருமுறை விளையாடினார். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் வந்த சனங்களில் பாதி கொட்டில் வாசலில் நின்றது. பேசாலையில் இருந்து வந்த ஒரு கிழவர், இடது பக்கம், இடது பக்கம் என்று ஆமிக்காரருக்குத் தமிழில் வழி சொன்னார். அவரும் சொன்ன பக்கமே திருப்பினார்.

துவக்குப் பிடித்தவர்களுக்கு நடுவில் நின்று நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சாவடியில் எத்தனையோ முறை வெயிலில் வரிசையில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு ஒருவர் எங்களுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார்.

பஸ் நன்றாகப் பிந்தித்தான் வெளிக்கிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

கொழும்பில் குவைத்துக்காரர் தங்கியிருந்த அறைக்குப் போனோம். முப்பது வயது இருக்கும். கண்ணாடி போட்ட, மெதுவாகக் கதைக்கிற மனிதர். பெட்டியை மேசையில் வைத்ததும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தொடப் பயந்தவர் மாதிரி இருந்தது. அவருடைய மனைவிதான் தோளில் தட்டி, போங்கள் என்று அறபில் சொன்னா.

கொழுவினேன். நீலத் திரை வந்தது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, விசைகளைப் பார்க்காமலே வேகமாக எதையோ அடிக்கத் தொடங்கினார். வரி வரியாக அடித்துக்கொண்டே போனார். கடைசி விசையை அழுத்தியதும் திரையில் ஒரு பாய்க்கப்பல் இடமிருந்து வலமாகப் போனது. சின்ன வயதில் தானே எழுதிய கப்பலாம். விரல்கள் மறக்கவில்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவி கைதட்டினா. நாங்களும் தட்டினோம்.

என் சிநேகிதி பள்ளிவாசலில் ஓதிப் படித்த அறபில் அவரோடு கதைக்கப் பார்த்தாள். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் பழைய காலத்து நூல் மாதிரிக் கதைக்கிறீர்கள் என்றார். அவளுக்கு அது பெரிய பெருமை. திரும்பி வருகிற வழி முழுக்க அதையே சொன்னாள்.

அவர் சொன்னபடியே புதுக் கொம்பியூட்டர்கள் வாங்கித் தந்தார். லொறியில் ஏற்றி எருக்கலம்பிட்டிக்குக் கொண்டுபோனோம். பள்ளிக்கூடத்தில் ஓட்டை இல்லாத ஒரு அறையைத் தந்தார்கள். மாற்றம் கிடைத்து அவளும் வந்துவிட்டாள். கரண்ட் இருக்கும் நாட்களில் அவள் படிப்பிப்பாள், பழுதானால் நான் போவேன். அங்கே போன பிறகுதான் நான் மவுஸ் பிடிக்கப் பழகினேன். அம்பு என் சொல்லைக் கேட்காமல் திரையின் மூலைக்கே ஓடியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பிறகு சண்டை திரும்பவும் வந்தது, பாதைகள் மூடின, வகுப்பு நின்று நின்று நடந்தது. ஆனால் அந்த முதல் வருச நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்குக் கூரை வந்துவிட்டது. எங்கள் குடும்பம் முழுக்க எருக்கலம்பிட்டிக்குப் போனோம். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டு அவித்த வட்டிலப்பத்தை அம்மா ஒரு கரண்டிதான் சாப்பிடுவேன் என்றா. அவளுடைய வாப்பா கிண்ணத்தோடு கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"நீங்க சாப்பிடாம இந்த வீட்டுல ஒருத்தரும் கை நனைக்க மாட்டாங்க" என்றார்.

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கிண்ணத்தை எடுத்தா. முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, கருப்பட்டி எங்கே வாங்கினது என்று கேட்டா.